துவர்ச் சட்டைக் கிளப்பின் கோலி

என் மருமகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சி.ஐ.டி. வைத்துக்கொள்ளட்டும். பாக்கெட் பாலை மோந்து பார்க்காமல் நான் அடுப்பில் ஏற்ற மாட்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத்தான் மருந்துக்கடைக்காரன் கொடுத்தானா என்று எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்ப்பேன். எதிர்வீட்டில் புதிதாக யார் குடிவந்தாலும் ஒரு வாரம் ஜன்னல் பக்கம்தான் எனக்கு வேலை. இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னாலேயே போய்ப் பார்த்தால், கடைசியில் ஒரு கால்பந்து கிளப்பில் போய் நிற்கிறது.

எழுபதைத் தாண்டிய புதுச்சேரிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் என்னை அவ்வளவாகக் கோபிக்க மாட்டீர்கள். நாம் வளர்ந்த காலம் அப்படி. ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக் கொடி போய் இந்தியக் கொடி வந்தது. காகிதத்தில் எல்லாம் முடிய அறுபத்திரண்டு ஆனது. நடுவில் எட்டு வருஷம், யார் எந்தப் பக்கம் என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டேதான் சோறு தின்றோம். மறந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். நான் நம்ப மாட்டேன்.

போன மாதம் எங்கள் கிளப் கேப்டன் செத்துப்போனார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குப்பம் ஊருக்கு வடக்கே, கடலை ஒட்டி இருந்தது. பத்து நிமிஷம் நடந்தால் வெள்ளைக்காரத் தெருக்கள் வந்துவிடும். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதபோது எனக்கு இரண்டு வயது. அம்மா கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றாள். அண்ணன் என்னைவிட ஏழு வயது பெரியவன். 'எம் பையன் கட்டுமரத்துல கால் வெச்சா, அன்னிக்கே நான் கிணத்துல வுழுவேன்' என்று அம்மா எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவைத்திருந்தாள். அதனால் அண்ணன் கரையிலேயே இருந்தான். வலை இழுப்பான், வலை பழுது பார்ப்பான், பனிக்கட்டி உடைப்பான். மீதி நேரமெல்லாம் பந்து.

கிளப்பை ஆரம்பித்தவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கினவர்களை அப்படித்தான் சொல்வோம் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் குப்பத்தில் ஒரே ஒரு சொல்தாதான். யுத்தம் முடிந்த கையோடு பெண்டாட்டியையும் கைக்குழந்தைப் பையனையும் சைகோனுக்கு அழைத்துப் போனவர், ஐம்பத்து நாலில் ஒரு தகரப் பெட்டியும் ஒரு தோல் பந்துமாகத் தனியாகத் திரும்பி வந்தார். அவங்க எங்கே என்று கேட்டால், "அங்க இருக்காங்க" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அங்கேயே வேறு கல்யாணம் ஆகிவிட்டது என்றாள் ஒருத்தி. விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார் என்றாள் இன்னொருத்தி. அவர் முகத்துக்கு நேரே கேட்க மட்டும் ஒருத்திக்கும் தைரியம் இல்லை.

அவர் வந்த புதிதில் கிளப்புக்குச் சட்டை தைத்தார்கள். மில் துணியில் நல்ல நீலம். மார்பில் வெள்ளைப் பட்டை ஒன்று, சிவப்புப் பட்டை ஒன்று. போட்டுக்கொண்டு ஆறு மாதம்கூட ஆடியிருக்க மாட்டார்கள், பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்டது. நீலம், வெள்ளை, சிவப்பு மூன்றும் ஒரே சட்டையில்! போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் அடி விழும். புதுச் சட்டைக்கு யாரிடமும் வழியில்லை.

அப்போதெல்லாம் பருத்தி நூல் வலைதானே. உப்புத் தண்ணீரில் இற்றுப்போகாமல் இருக்க, மரப்பட்டையைப் போட்டுக் கொதிக்கவைத்த துவரில் வலையை முக்கி எடுப்பார்கள். வலை செங்காவி நிறமாகிவிடும். குப்பத்துப் பெண்கள் பதினோரு சட்டைகளையும் கொண்டுபோய் அந்தத் துவர் அண்டாவில் முக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்குப் பெயர் துவர்ச் சட்டைக்காரர்கள். வேர்த்தால் அந்தச் சட்டையில் வலை நாற்றம் அடிக்கும். எதிர் அணிக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். நாலைந்து தடவை துவைத்தால் துவர் போய், அடியில் மூன்று நிறமும் லேசாகத் தலைகாட்டும். மறுபடி அண்டாவில் போடுவார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை இந்தக் கூத்து நடக்கும்.

பந்தும் லேசுப்பட்டதில்லை. வாயைத் தோல் நாடாவால் இழுத்துக் கட்டவேண்டிய பழைய காலத்துப் பந்து. தோல் காய்ந்துபோகாமல் இருக்கச் சொல்தா அதற்குச் சுறா எண்ணெய் தடவுவார். ஆட்டம் நடக்கும்போது குப்பத்துப் பூனைகள் எல்லாம் கோட்டோரமாக வந்து உட்கார்ந்திருக்கும். ராத்திரியில் பந்து எங்கள் வீட்டு உறியில்தான் தொங்கும். அம்மா யாரோடும் சேராதவள், அவள் வீட்டில் இருந்தால்தான் பத்திரம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அண்ணன் கோல் காக்கிற கோலி என்பதால் அவன் கையும் எப்போதும் அதே நாற்றம்தான்.

கேப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பத்து நாலில் பதினாறு வயதிலேயே இந்திய மூவர்ணக் கொடி பிடித்து ஊர்வலம் போய் அடிவாங்கினவர். புருவத்தில் தழும்பு இருந்தது. அவருக்கும் சொல்தாவுக்கும் ஆகவே ஆகாது. ஆனால் பந்து என்று வந்துவிட்டால் இரண்டு பேரும் ஒன்று. சொல்தா கோட்டோரம் நின்று "அலே! அலே!" என்று கத்துவார். கேப்டன் ஓடிக்கொண்டே "தமிழ்ல கத்துய்யா, ஓடுறோம்!" என்று திருப்பிக் கத்துவார்.

இனி அறுபத்திரண்டுக்கு வருகிறேன்.

வீராம்பட்டினம் தேர் முடிந்த சமயம். பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கையெழுத்துப் போடலாம் என்று சொல்லிவிட்டார்கள். எழுதாவிட்டால் இந்தியர். இவ்வளவுதான் விஷயம். ஆனால் எங்கள் குப்பத்தில் அது எப்படி வந்து சேர்ந்தது தெரியுமா? கையெழுத்துப் போட்டால் அல்ஜேரியாவுக்குச் சண்டை போடக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று வந்தது. அங்கே சண்டை முடிந்துபோன செய்தி மட்டும் வரவில்லை. பெருவிரலில் மை இருந்தால்கூட, எங்கே வைத்துவிட்டு வந்தாய் என்று கேட்டார்கள். கொன்சுலா, அதாவது பிரெஞ்சுத் தூதரக ஆபீஸ் கேட்டுக்குள் யார் போகிறார்கள், எவ்வளவு நேரம் கழித்து வருகிறார்கள் என்று பார்ப்பதே பலருக்கு வேலை. எனக்கும் அதே வேலைதான். பதினோரு வயதில் அதைவிட நல்ல விளையாட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

சொல்தா மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே போயே ஆகவேண்டும். தான் உயிரோடு இருப்பதை நேரில் காட்டி ஒரு சீட்டு வாங்கினால்தான் பென்ஷன் வரும். வெள்ளைச் சட்டை, மெடல், பாலிஷ் போட்ட பூட்ஸ் என்று கிளம்புவார். "செத்துட்டேனான்னு பாக்கக் கூப்புட்றாங்க, போய்க் காட்டிட்டு வர்றேன்" என்பார். எட்டு வருஷமாகச் சிரித்தவர்கள் அந்த வருஷம் சிரிக்கவில்லை.

அந்தத் தடவை அவரோடு அண்ணனும் போனான். நான் புளியமரத்தடியில் நின்று பார்த்தேன். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்கள். அண்ணன் தலை வாரி, யாருடையதோ இரவல் சட்டை போட்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"எங்கண்ணா போயிருந்த?"

"எங்கியும் போவல."

"நான் பாத்தேன்."

"சொல்தாவுக்கு முட்டி வலி. தொணைக்குப் போனேன். அம்மாகிட்ட ஒளறி வைக்காத."

முட்டி வலிக்காரருக்குத் துணை போக எதற்குத் தலை வாரி இரவல் சட்டை? அதை நான் மனசில் போட்டுக்கொண்டேன்.

அந்த சீசனில் எங்கள் ஆட்கள் என்றைக்கும் இல்லாதபடி ஆடினார்கள். அண்ணனைத் தாண்டி ஒரு பந்து போகவில்லை. ஆள் ஒல்லி, கை மட்டும் துடுப்பு மாதிரி. அரையிறுதி ஆட்டம் முடிந்த அன்று, தொப்பி போட்ட ஒரு மனிதர் வந்து அம்மாவைத் தேடிப் பேசினார். மில் டீமுக்கு ஆள் எடுப்பவராம். இறுதிப் போட்டியை வந்து பார்ப்பேன், பையன் இதே மாதிரி ஆடினால் மில்லில் வேலை, நிரந்தர வேலை என்றார். அம்மா அன்றைக்கு மீன் கூடையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தாள். "சங்கு ஊதினா உள்ள போவான், சங்கு ஊதினா வெளிய வருவான். கடலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க வேணாம்" என்றாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை, சும்மா காற்றிடம் சொன்னாள். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது, இது ஒன்றுதான்.

இறுதிப் போட்டிக்கு ஒரு புதுச் சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் போட்டோ ஒட்டிய அட்டை வேண்டும். கூடவே மேரியில், அதாவது நம் நகராட்சி ஆபீசில், எடுத்த பிறப்புச் சீட்டு வேண்டும். மில்லுக்கும் அதே சீட்டு வேண்டுமாம். எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்தா பொறுப்பெடுத்துக்கொண்டார். குப்பத்தில் பாதிப் பேருக்குப் பிறப்பு எழுதியிருக்காது, அப்படியிருக்க அண்ணனுக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டவள் கேட்டிருக்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை.

காலையில் சொல்தா வீட்டுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. நீள ரொட்டியைக் காப்பியில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். எனக்கும் ஒரு துண்டு உண்டு. "மெர்சி சொல்லு பாப்பா" என்பார். நான் சொல்ல மாட்டேன், ரொட்டியை மட்டும் வாங்கிக்கொள்வேன். இறுதிப் போட்டிக்கு மூன்று நாள் முன்னால் போனபோது அவர் கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். மேஜைமேல் பசை பாட்டில் திறந்திருந்தது. பதினோரு அட்டைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஓரத்தில் அண்ணனுடைய போட்டோ. அந்த இரவல் சட்டையில், தலை வாரி.

பக்கத்தில் பிரெஞ்சில் எழுதின ஒரு சீட்டு, முத்திரை குத்தியது. பள்ளிக்கூடத்தில் நானும் கொஞ்சம் பிரெஞ்சு படித்தவள்தானே. அட்டையைப் படித்தேன், சீட்டைப் படித்தேன். இரண்டிலும் ஒரே பெயர். அது அண்ணன் பெயர் இல்லை. தகப்பன் பெயர் என்று இருந்த இடத்தில் எங்கள் அப்பா பெயர் இல்லை. சொல்தாவின் பெயர் இருந்தது.

மீனை மேஜைமேலேயே போட்டுவிட்டு ஓடினேன். என் அண்ணனை இந்தக் கிழவன் தனக்குப் பிள்ளையாக எழுதிக்கொண்டு பிரெஞ்சுக்காரனாக்கிவிட்டான், மேட்ச் முடிந்ததும் கப்பலில் ஏற்றிவிடுவான் என்று ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லப் பயம், கிணற்றில் விழுவேன் என்பவள் ஆயிற்றே. நேரே கரைக்குப் போனேன். கேப்டன் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"கேப்டனண்ணே, எங்கண்ணன சொல்தா பிரெஞ்சுக்காரனா மாத்திட்டாரு."

"யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன். போட்டோ ஒட்டி, அப்பான்னு போட்ட எடத்துல அவரு பேர எழுதி வெச்சிருக்காரு."

அவர் கையில் ஊசி நின்றது. "பொய் சொன்னா தோல உரிச்சிடுவேன்."

"செங்கழுநீரம்மா மேல சத்தியமா."

ஊசியை வலையில் செருகினார். "சரி. நீ பாத்ததாவே யாருகிட்டயும் மூச்சு வுடாத. உங்கம்மாகிட்டயும்தான். போ" என்றார்.

அன்று சாயங்காலமே அவர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். "அது எனக்கும் சொல்தாவுக்கும் உள்ளது. மேட்ச் முடியட்டும், சொல்றேன்" என்று இவன் சொல்லியிருக்கிறான். சொல்தாவைக் கேட்டதற்கு, "எம்மேல நம்பிக்க இல்லன்னா ஆடாதீங்க" என்றாராம். இரண்டு பேரும் வாயை இறுக மூடிக்கொண்டால் கேப்டன் என்ன நினைப்பார்? நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? இதற்குள் விஷயம் எப்படியோ கசிந்து, சொல்தா பிள்ளை பிடிக்கிறார் என்று பேச்சு ஓடியது. அம்மா காதுக்கு மட்டும் போகவில்லை. மில் நினைப்பில் இருந்தவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

இறுதிப் போட்டி அன்று மழை விட்டிருந்தது. மைதானம் சகதி. தெற்குப் பக்கத்து டீம், புதுச் சட்டை, புதுப் பூட்ஸ். எங்கள் ஆட்கள் அப்போதுதான் துவர் ஏற்றின சட்டையில் நின்றார்கள். மில்காரர் தொப்பியோடு முன்வரிசையில் நாற்காலியில் இருந்தார். அம்மா மார்க்கெட்டுக்குப் போகாமல், கல்யாணத்துக்கு மட்டும் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

சொல்தா அட்டைக் கட்டைக் கேப்டனிடம் கொடுத்தார். கேப்டன் அதை, அட்டை சரிபார்க்கிற மேஜைக்காரரிடம் கொடுக்க வேண்டும். நடந்து போனவர் பாதி வழியில் நின்றார். கட்டைப் பிரித்து ஒரு அட்டையை உருவிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். மீதியைக் கொடுத்தார்.

"கோலி நாந்தான். இவன் இன்னிக்கு ஆடல."

அண்ணன் ஓடிவந்தான். "இன்னாண்ணே இது? மில்காரரு ஒக்காந்திருக்காருண்ணே! எங்கம்மா ஒக்காந்திருக்குண்ணே!"

"ஒங்கம்மாவுக்காகத்தாண்டா" என்றார் கேப்டன்.

விசில் ஊதிவிட்டார்கள். பத்தே பேரோடுதான் இறங்கினார்கள். கேப்டன் நல்ல ஆட்டக்காரர், ஆனால் கோலி இல்லை. பந்து அவரைத் தாண்டித் தாண்டிப் போனது. ஐந்து கோல். அண்ணன் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு பந்துக்கும் தன்னையறியாமல் இரண்டு கையையும் தூக்கினான். அதை என்னால் பார்க்க முடியவில்லை. மில்காரர் நாலாவது கோலுக்கே எழுந்துவிட்டார். போகும்போது எதிர் டீம் கோலியைக் கூப்பிட்டுத் தோளில் தட்டிப் பேசினார். அம்மா அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது கூட்டத்தில் மறைகிறவரைக்கும்.

ஆட்டம் முடிந்ததும் சொல்தா மைதானத்துக்குள் நடந்து வந்தார். சகதியில் பூட்ஸ் புதைந்தது. கேப்டனின் சட்டைக்குள் கையை விட்டு அந்த அட்டையை எடுத்தார். எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

"இது எம் பையன் பேரு" என்றார். குரல் ஏறவில்லை. "அஞ்சு வயசுல சைகோன்ல காய்ச்சல்ல போய்ட்டான். அவன் அம்மாவும் போய்ட்டா. பதிமூணு வருஷம் ஆச்சு. இந்த ஊரு மேரியில அவன் பொறந்ததுதான் எழுதியிருக்கு, செத்தது எழுதல. நான் எழுத வுடல. இந்தப் பையனுக்குப் பொறந்த சீட்டே கெடையாது. கோர்ட்டுக்குப் போயி எழுதி வாங்கணும்னா ஒரு வருஷம் ஆவும். மில்காரன் ஒரு வருஷம் காத்திருப்பானா? சும்மா கெடந்த பேரு. குடுத்தேன். அவ்ளோதான்."

அம்மாதான் முதலில் அழுதாள். அண்ணன் பிறந்தது வீராம்பட்டினத்தில், அவளுடைய அம்மா வீட்டில், புயல் அடித்த வாரத்தில். பதிய வேண்டும் என்று சொன்னபோதெல்லாம் அப்பா 'நாளைக்குப் போவலாம்' என்றாராம். அந்த நாளை வரவே இல்லை. அவரும் போய்ச் சேர்ந்தார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாய்யா?" என்றார் கேப்டன்.

"சொன்னா திருட்டுத்தனம்னு நீயே ஒத்துக்க மாட்ட. செத்தவன் பேர வெச்சு ஆடக்கூடாதும்ப. கொடி புடிச்ச ஆளாச்சே" என்றார் சொல்தா. அதில் தப்பும் இல்லை. கேப்டன் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

அப்போதுதான் அண்ணன் கேப்டன் எதிரே வந்து நின்றான்.

"நான் எந்தப் பேர்ல ஆடுறேன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

கேப்டன் தலையைத் தூக்கினார். கூட்டத்தில் அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். எனக்கு மூத்திரம் வந்துவிட்டது. பொய்யில்லை, நின்ற இடத்திலேயே.

"எவனும் சொல்லல. நானேதான் பாத்தேன்" என்றார்.

அண்ணன் அவர் முகத்தில் துப்பினான். கேப்டன் துடைத்துக்கொள்ளவில்லை.

அம்மாவின் கோபம் வேறு திசையில் போனது. செத்த பிள்ளையின் பெயரை உயிரோடு இருக்கிற பிள்ளைமேல் ஏற்றியவன் என்று, நேரே சொல்தா வீட்டு வாசலுக்குப் போய் இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள். "ஒம் புள்ளைய முழுங்கினது போதாதா, எம் புள்ளையும் வேணுமா ஒனக்கு!" என்று கத்தினாள். வேலை கிடைத்திருந்தால் அதே வாசலில் கோலம் போட்டிருப்பாள். சொல்தா கதவைச் சாத்தவில்லை. தலையில் விழுந்த மண்ணைத் தட்டாமல் நின்றார். மறுநாள் நான் மீன் கொண்டுபோகவில்லை. யாரும் கொண்டுபோகவில்லை.

கிளப் அதோடு முடிந்தது. கலைத்துவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. ஒருத்தரும் பந்தைக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அது உறியிலேயே காற்றிறங்கிச் சுருங்கியது. எண்ணெய் தடவ ஆளில்லாமல் தோல் வெடித்தது. சட்டைகளைக் கரித்துணியாகக் கிழித்தார்கள். துவைத்துத் துவைத்துத் துவரெல்லாம் போய், பல வீட்டு அடுப்பங்கரையில் அந்த மூன்று நிறமும் பளிச்சென்று தெரிந்தது. பயப்பட அப்போது யாருக்கும் நேரமில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் சொல்தா கையெழுத்துப் போட்டுவிட்டார். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிரான்சுக்குக் கப்பலேறப் போனார். வழியனுப்ப அண்ணன் ஒருத்தன்தான் ரயில் ஸ்டேஷனுக்குப் போனான். திரும்பி வந்தவன் மறுநாள் விடியலில் கட்டுமரத்தில் ஏறினான். அம்மா கிணற்றில் விழவில்லை. கரையில் வந்து நின்றாள். அதற்கப்புறம் சாகிற வருஷம் வரைக்கும் ஒவ்வொரு நாளும் நின்றாள்.

இன்னொன்றும் இருக்கிறது. சொன்னால் திட்டுவீர்கள், பரவாயில்லை. சொல்தாமேல் எனக்குச் சந்தேகம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஒரு மேட்சுக்கு அட்டை ஒட்ட எதற்குக் கொன்சுலாவுக்கு அழைத்துப் போக வேண்டும்? அந்தப் பெயரில் மில்லில் சேர்ந்திருந்தால் அண்ணன் காலத்துக்கும் அவர் பிள்ளைதானே? உயிர்ச் சீட்டு வாங்கப் போன இடத்தில் தனக்கு மட்டும் வாங்கினாரா, மகனுக்கும் சேர்த்து வாங்கிவிட்டாரா? அண்ணனிடம் இதை நான் கேட்டதில்லை. கேட்டால், உனக்கெப்படி இதெல்லாம் தெரியும் என்று திருப்பிக் கேட்பான்.

அண்ணன் நாற்பது வருஷத்துக்கு மேல் கடலுக்குப் போனான். கேப்டன் வீடு எங்கள் தெருவிலேயே ஏழாவது வீடு. இவன் அந்தப் பக்கம் போக மாட்டான், கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போவான். கேப்டன் மகள் கல்யாணப் பத்திரிகையை வாசலிலேயே திருப்பி அனுப்பினான். சுனாமி வந்த அன்று இரண்டு பேரும் ஒரே மாடியில் ஏறி நின்றார்கள், அப்போதும் முகம் பார்க்கவில்லை. கேப்டன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "நல்லாருக்கியா பாப்பா?" என்பார். எனக்குப் பேத்தி பிறந்த பிறகும் பாப்பாதான். "சொல்லிடட்டுமாண்ணே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "பொறந்த வீட்டுல ஒனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான். எனக்கு ஊரே இருக்குது. போ" என்றார். நானும் போனேன். அறுபது வருஷமும் அப்படியேதான் போய்க்கொண்டிருந்தேன்.

கேப்டன் செத்த அன்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து முறுக்குத் தூளைக் காக்காய்க்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"கேப்டன் போய்ட்டாரு."

"தெரியும்."

"வர்லியா?"

"எஞ் சோத்துல மண்ணப் போட்டவன் சாவுக்கு நான் எதுக்கு வரணும்? நீ போய்ட்டு வா."

எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. கேப்டன் இனிமேல் "நானேதான் பாத்தேன்" என்று சொல்ல வரமாட்டார் என்பதால் இருக்கலாம்.

"அவரு பாக்கலண்ணா. நாந்தான் பாத்தேன். நாந்தான் போய்ச் சொன்னேன்."

அவன் கை அப்படியே நின்றது. காக்காய்கள் காத்துக்கொண்டிருந்தன.

"மூஞ்சில துப்பினேனே" என்றான்.

"நான் அங்கதாண்ணா நின்னேன்."

மீதித் தூளைக் காக்காய்களுக்கு உதறினான். அப்புறம் நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தான். "எடுத்துட்டாங்களா?"

"நாலு மணிக்கு."

உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். கை கொடுக்கப் போனேன், தட்டிவிட்டான். கரை வழியாகச் சுற்றாமல், அந்த ஏழு வீட்டையும் நேராக நடந்து தாண்டினான். கேப்டன் வீட்டில் எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள். தோளில் இருந்த துண்டை எடுத்து, செத்த மனுஷன் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை நிதானமாகத் துடைத்தான். ஈரம் எதுவும் இல்லை. இவன் துடைத்துக்கொண்டே இருந்தான். பாடையைத் தூக்கும்போது எண்பது வயதுக் கிழவன் வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் தடுத்தும் ஒரு மூலையை விடவில்லை. தெருமுனைவரை தூக்கினான்.

அன்றிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. கேப்டனோடு அறுபது வருஷம் பேசாமல் இருந்தவன். எனக்கு அவ்வளவு நாள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் குழம்பு வைத்துத் தூக்கில் ஊற்றிப் பேத்தியிடம் கொடுத்தனுப்புகிறேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதில்லை. சாயங்காலம் தூக்கு கழுவித் துடைத்துத் திரும்பி வந்துவிடுகிறது. அவன் சாப்பிட்டானா, பூனைக்குப் போட்டானா என்று மூடியைத் திறந்து மோந்து மோந்து பார்க்கிறேன். தெரியவில்லை.